அமுச்சி வீட்டில் விடலாமா?

ஒரு குழந்தையை அதன் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாமா, குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொழுது முழுக்க இந்த ஒரே கேள்விதான். கொங்குப் பகுதி மாவட்டம் ஒன்றில் சமூகப் பணியாளராகப் பல வருடம் இந்தக் கேள்வியோடு அலைந்திருக்கிறேன். இப்போது அந்த வேலையில் இல்லை என்பதால் எழுத முடிகிறது. குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அது மிக நியாயமான பிரிவு. அதனால் ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை பேப்பரில் வருவது இரண்டே விதமாகத்தான். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ‘புகார் வந்தும் அதிகாரிகள் மெத்தனம்’ என்று வரும். குழந்தையை அழைத்து வந்துவிட்டால், கலெக்டர் ஆபீஸ் வாசலில் தாய் உட்கார்ந்து அழும் படத்தோடு ‘குழந்தையை மீட்டுத் தரக் கோரி தர்ணா’ என்று வரும். ஒரு பிள்ளை நல்லபடியாக அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் வளர்ந்து ஆறாம் வகுப்புக்குப் போவது செய்தி ஆகாது, ஆகவும் வேண்டாம். ஆனால் மேலதிகாரி, நீதிமன்றம், மாதாந்திர ஆய்வுக் கூட்டம் எல்லாமே முதல் இரண்டை வைத்துத்தான் எங்களை எடை போடும். அதனால் நாங்களும் மெல்ல மெல்ல அந்த இரண்டுக்கும் பயந்தே முடிவெடுக்கப் பழகிவிடுகிறோம். அதிலும் முதலாவதற்குத்தான் பயம் அதிகம்.

குழந்தைக்கு என்ன ஆபத்து என்று கேட்க வேண்டிய இடத்தில், இந்தக் கோப்பால் எனக்கு என்ன ஆபத்து என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்குக் காரணம் தனித்தனி ஆட்களின் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. என்னோடு வேலை செய்தவர்களில் கோழைகள் குறைவு. ஆபத்தைச் சுமக்க ஒரே ஒரு கையெழுத்தை முன்னால் நிறுத்திவிட்டு மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வசதியாக ஏற்பாடு அமைந்திருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே புகார் இதுதான்.

ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஆபத்து என்றால் கூப்பிடும் 1098 என்ற இலவச எண் 1996-ல் மும்பையில் தொடங்கியது. நீண்ட காலம் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்து, 2023-ல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. மாவட்ட அலகு 2009-ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிறந்தது. இன்று அதற்கு மிஷன் வாத்சல்யா என்று பெயர். ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், நிறுவனம் சார்ந்தும் நிறுவனம் சாராமலும் இரண்டு பாதுகாப்பு அலுவலர்கள், நன்னடத்தை அலுவலர், மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர் இருவர், புறத்தொடர்புப் பணியாளர் இருவர், கணக்கர், கணினி வேலைக்கு ஓரிருவர். அனுமதிக்கப்பட்ட பணியிடமே இவ்வளவுதான். இதில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள், மாதத் தொகுப்பூதியம். 2011 கணக்கெடுப்பில் ஈரோடு மாவட்டத்தில் 22 லட்சம் பேர், திருப்பூரில் 24 லட்சத்துக்கும் மேல். அந்த ஜனத்தொகைக்குப் பக்கத்தில் இந்தப் பட்டியலை வைத்துப் பாருங்கள்.

தூரத்தையும் சேர்க்க வேண்டும். தாளவாடியிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு ஓர் அழைப்பு வந்தால், சத்தியமங்கலம் தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும். 2022-லிருந்து அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வேறு. பர்கூர் மலைக்கு அந்தியூர் வழி, கடம்பூர் மலைக்கு இன்னொரு வழி. மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள், அது எங்கே இருக்க வேண்டும் என்று ஆணையிடும் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது சட்டம். பயண நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று அதே சட்டம் சொல்லியிருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டியது மலைக்காரர்கள்தான்.

பிறகு சமூக விசாரணை. 15 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக் குழு 4 மாதத்துக்குள் இறுதி ஆணை போட வேண்டும். குழுவில் தலைவரும் 4 உறுப்பினர்களும் உண்டு. இறுதி ஆணையின்போது குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அதாவது, ஒற்றை ஆள் முடிவெடுக்கக்கூடாது என்பதுதான் சட்டத்தின் மனசு. நடைமுறையில் அந்த மூன்று பேரும் பார்ப்பது அந்த வீட்டுக்குப் போய்வந்த ஒரே ஒருத்தி எழுதிய தாளை.

அப்படி நான் எழுதிய ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

விசைத்தறி ஊர் ஒன்று. தறிச் சத்தம் நின்றால்தான் அங்கே தூக்கம் கலையும். லைன் வீட்டில் ஏழு வயதுப் பெண் பிள்ளையும் அப்பனும். அம்மா இறந்து இரண்டு வருடம். அப்பன் தறி ஓட்டுகிறவர். குடித்துவிட்டு வந்தால் பிள்ளையைப் பெல்ட்டால் அடிக்கிறார் என்று பக்கத்து வீட்டிலிருந்து 1098-க்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நாங்கள் போனபோது பிள்ளை தாயைப் பெற்ற அமுச்சியின் வீட்டில் இருந்தது, நான்கு மைல் தள்ளி. அந்த அம்மாவே வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒற்றை அறை, சிமென்ட் அட்டைக் கூரை, வெளியே மூன்று வெள்ளாடு. நூறு நாள் வேலையும் ஆடும்தான் வருமானம். கழிப்பறை இல்லை.

எங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் உண்டு. வீடு சொந்தமா வாடகையா, கூரை என்ன, கழிப்பறை உண்டா, மாத வருமானம் எவ்வளவு, குடும்பத்தில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா. இந்தப் படிவத்தை நிரப்பினால் அமுச்சி தோற்றுவிடுவார். அந்த வீட்டில் நான் பார்த்தது வேறு. பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. பள்ளிக்கூடப் பை ஆணியில் மாட்டியிருந்தது, உள்ளே அன்றைய வீட்டுப்பாடம் முடிந்திருந்தது. நான் பேனாவை எடுக்கக் கையைத் தூக்கியதும் பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை மூடாமல், நேராக அமுச்சியின் முந்தானைக்குப் போய் நின்றது. அடி வாங்கிய குழந்தை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் நான் கற்றதில் முக்கியமானது. சில பிள்ளைகள் எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போதுதான் எனக்குப் பயம் வரும்.

“ஏனம்மிணி, எம்பட பேத்திய எங்க தாட்டி உடப்போறீங்க?” என்றார் அமுச்சி. அவர் குரலில் கெஞ்சலே இல்லை, சண்டைக்கு நிற்கிற குரல். எனக்கு அது பிடித்திருந்தது.

கதவைப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, ஒரு கயிற்றுச் சுருக்கு மட்டும். அப்பன் இங்கே வருவாரா என்று கேட்டேன். “சனிக்கெழம பொழுதோட வருவானுங்க. சம்பளம் வாங்குன கையோட” என்று பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார். ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அவர். அந்தக் குழந்தையின் ஆபத்து வாரத்தில் ஆறு நாள் கிடையாது. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல், ஒரு கயிற்றுச் சுருக்கின் அந்தப் பக்கம் இருந்தது. படிவத்தில் சனிக்கிழமைக்குக் கட்டம் இல்லை.

அலுவலகத்துக்கு வந்து, பிள்ளையை அமுச்சியிடமே விடலாம் என்று எழுதினேன். இரும்புத் தாழ்ப்பாள் போட வேண்டும். சத்துணவு அம்மா சனிக்கிழமை இரவுகளில் கண் வைத்துக்கொள்வார், ஏதாவது என்றால் முதலில் காவல் நிலையத்துக்கும் பிறகு எனக்கும் கூப்பிடுவார். காவல் நிலையத்தின் குழந்தைகள் நல அலுவலர் அப்பனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். தலைமை ஆசிரியர் திங்கட்கிழமைதோறும் பிள்ளையைத் தனியாக விசாரிக்க வேண்டும். நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்குப் பரிந்துரை. இவ்வளவும் எழுதிய தாளை வாங்கிப் படித்துவிட்டு, என் மூத்த சக ஊழியர் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: “எல்லாஞ் செரிங்க மேடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த அஞ்சு பேர்ல ஒருத்தரும் வரமாட்டாங்க. உங்க கையெழுத்துதான் இருக்கும்.”

உண்மைதான். இல்லத்துக்கு அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. கழிப்பறை இல்லை, வருமானம் இல்லை, அப்பன் குடிகாரர், ஆக இல்லம் என்று நாலு வரி போதும். நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அந்தக் கடைசி வழியை முதல் வழியாகப் பிடித்ததற்காக எந்த ஆய்வுக் கூட்டத்திலும் எவரும் விளக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தப் புதுப்பித்தலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

குழுவில் அன்று இருந்த ஒரு உறுப்பினர் வழக்கறிஞர், பொறுமைசாலி. ஒவ்வொரு வரியாகக் கேட்டார். தாழ்ப்பாள் யார் போடுவார்கள், எப்போது என்று கேட்டார். பிள்ளையைத் தனியாக வைத்துப் பேசினார். ஒப்புக்கொண்டார்கள். அப்பன் ஒரு சனிக்கிழமை வந்து கதவைத் தட்டினார். சத்துணவு அம்மா திட்டிய திட்டில் தெருவே கூடிவிட்டது. அப்பன் போய்விட்டார். அந்தத் திட்டத்தை அன்று தாங்கி நின்றது நான் இல்லை, அந்த அம்மாதான்.

அடுத்த வருடமே நிலைமை மாறியது. பக்கத்து மாவட்டம் ஒன்றில், புகார் வந்தும் வீட்டிலேயே விடப்பட்ட ஒரு குழந்தைக்கு மோசமான காயம். தொலைக்காட்சியில் இரண்டு நாள் ஓடியது. எங்கள் மாவட்டத்தில் யாரும் எந்த உத்தரவும் போடவில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களுக்கு எங்கள் கோப்புகளின் முடிவு எல்லாம் ஒரே வாக்கியமாகிவிட்டது: ‘குழந்தையின் பாதுகாப்பு கருதி இல்லத்தில் அனுமதிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.’ அமுச்சிகள், அத்தைகள், அப்பாருகள் எல்லாம் காரிடாரில் நின்று திரும்பிப் போனார்கள். குழந்தைகளின் வீடுகளில் அந்த மாதங்களில் புதிதாக எந்த ஆபத்தும் முளைத்துவிடவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைத்தேன். இல்லை. இங்கிலாந்தில் 2000-ல் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பாதுகாவலர்களின் சித்திரவதையில் இறந்தாள். 2003-ல் லாமிங் பிரபு தலைமையிலான விசாரணை, அவளைக் காப்பாற்ற அதிகாரிகளுக்குக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிடைத்தன என்று கண்டு, 108 பரிந்துரைகள் கொடுத்தது. நடைமுறைகள் கூடின, படிவங்கள் கூடின. 2007-ல், விக்டோரியா வாழ்ந்த லண்டனின் அதே ஹாரிங்கே பகுதியில் பீட்டர் என்ற கைக்குழந்தை இறந்தது. அது 2008 நவம்பரில் வெளியே தெரிந்ததும் பத்திரிகைகள் அதிகாரிகளைத் துரத்தின. உடனே நாடு முழுக்க, குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகும் மனுக்கள் எகிறின. பிறகு 2011-ல் பேராசிரியர் ஐலீன் மன்ரோ அரசுக்குக் கொடுத்த ஆய்வறிக்கை, படிவத்தைச் சரியாக நிரப்பினோமா என்பதிலேயே அமைப்பு மூழ்கிவிட்டது, குழந்தைக்கு நல்லது நடந்ததா என்று பார்ப்பதை விட்டுவிட்டது என்றது. அதை ஒரு பயிற்சி முகாமில் கேட்டபோது என் பக்கத்தில் இருந்த நாமக்கல் பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்பு.

இல்லம் என்றால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. 2022 அக்டோபரில் திருப்பூர் திருமுருகன்பூண்டியில் ஒரு தனியார் காப்பகத்தில் சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் 3 சிறுவர்கள் இறந்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நன்றாக நடக்கும் இல்லங்கள் உண்டு. வார்டன் அம்மா ஒருவர் ராத்திரி நாலு முறை எழுந்து ஒவ்வொரு பாயாகப் பார்ப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஏழு வயதில் வீட்டை விட்டுப் பிரிந்த குழந்தை, படுக்கையை நனைத்துக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அந்தச் சேதாரம் எந்த ஆய்வுக் கூட்டத்திலும் எண்ணிக்கையாக வராது. வீட்டில் விட்டதால் வரும் சேதம் என் பெயரில் எழுதப்படும். இல்லத்தில் விட்டதால் வரும் சேதத்துக்குப் பெயரே கிடையாது.

இதைவிடக் கடினமானது பதினேழு வயதுப் பெண்கள். மில்லில் வேலை செய்யும் பையனோடு போய்விடுகிறாள். வேறு சாதி. பெண்ணின் அப்பா காணவில்லை என்று புகார் கொடுக்கிறார், போலீஸ் கண்டுபிடித்துக் குழு முன் நிறுத்துகிறது. பையன் மேல் போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். வெளியே மூன்று காரில் ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) நிற்கும். உள்ளூர்க்காரர் யாராவது ஒருவர், “நம்ம புள்ள, நம்ம வூட்டுல வந்து இருக்கட்டுங்க, நாங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம்” என்பார். 100 ரூபாய் பத்திரத்தில் உறுதிமொழி எழுதிக் கையில் வைத்திருப்பார்கள். சாதியின் பெயரால் 2015-ல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டதையும், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் கொல்லப்பட்டதையும் பார்த்த மண் இது. அந்தப் பத்திரத்தை நம்பிப் பெண்ணை அனுப்ப யாருக்கு மனசு வரும்? இல்லத்தில் வைத்தால், பதினெட்டு முடியும் நாளை எண்ணிக்கொண்டு, செய்த குற்றம் என்னவென்று தெரியாமல் ஒரு பெண் எட்டு மாதம் பூட்டிய கேட்டுக்குள் இருப்பாள். எது செய்தாலும் சேதம் உண்டு. எது குறைந்த சேதம் என்று அவளிடமே கேட்க வேண்டும். யாரைப் பார்த்தால் பயம், யார் வீட்டில் தூக்கம் வரும் என்று. அப்படிக் கேட்டபோது ஒரு பெண், அப்பா வீடும் வேண்டாம், இல்லமும் வேண்டாம், பொள்ளாச்சியில் இருக்கும் டீச்சர் அத்தை வீடு என்றாள். அந்த அத்தையின் பெயர் அதுவரை எந்தத் தாளிலும் இல்லை.

போக்சோவின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கொடுக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை என்கிறது 21-ஆம் பிரிவு. எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் மரியாதை உண்டு. சின்னக் குழந்தைகளை எத்தனையோ வீடுகளின் இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது அதுதான். ஆனால் மலைக்கிராமத்தில், காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பதினேழு வயதுக் கர்ப்பிணி, ஆஸ்பத்திரிக்குப் போனால் புருஷனைப் பிடித்துப் போவார்கள் என்று பயந்து ஸ்கேன் எடுக்காமலே எட்டாம் மாதம் வரை இருந்துவிடுகிறாள். இளவயதினர் விரும்பிச் சேர்ந்த வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழக டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். நல்லது. அந்தச் செய்தி மலைக்கு ஏறிப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கிராமச் செவிலியர்தான் அங்கே எல்லாவற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

கோப்பைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வரும் போன் அழைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோரும் யூகிக்கக்கூடியதுதான். ஓர் உதாரணம் மட்டும்: நூற்பாலை விடுதியில் ஒடியா பேசும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோர் ஆதாரிலும் பிறந்த நாள் ஜனவரி 1, வயது சரியாகப் பதினெட்டு தாண்டியிருக்கும். வயதுக்கு ஆதார் போதாது. பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் மருத்துவப் பரிசோதனை என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசை போட்டு வைத்திருக்கிறது. பள்ளிச் சான்றுக்கு ஒடிசாவில் ஒரு கிராமத்துத் தலைமை ஆசிரியரைப் பிடிக்க வேண்டும். அதற்குள் மேலிடத்திலிருந்து “இன்னும் முடியலையா?” என்று ஒரு குரல் வந்துவிடும். அந்த நேரத்தில் “கோப்பு குழுவிடம் இருக்கிறது, மூன்று பேர் சேர்ந்து பார்க்கிறார்கள்” என்று சொல்ல முடிவதே பெரிய பலம். தனி ஆள் கையில் இருக்கும் கோப்புதான் போனில் வளையும்.

அதனால்தான் நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில், யாரும் உத்தரவு போடாமலே எங்களுக்குள் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். வியாழக்கிழமை மாலை, சிக்கலான கோப்புகளை மட்டும் எடுத்து நானும் ஆற்றுப்படுத்துநரும் பாதுகாப்பு அலுவலரும் நன்னடத்தை அலுவலரும் உட்காருவோம். விசாரணை அறிக்கையோடு கூடுதலாக ஒரு தாள். இந்தக் குழந்தையைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது, எந்த நாளில் எந்த நேரத்தில் எது தப்பாகப் போகலாம், அப்போது அங்கே யார் இருப்பார், மறுபடி எந்தத் தேதியில் போய்ப் பார்க்கிறோம். கீழே நான்கு கையெழுத்து. குழுவும் அந்தத் தாளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தது. அதன் பிறகு உறவினர் வீட்டில் விடப்பட்ட குழந்தைகள் கூடினார்கள். பயம் போய்விடவில்லை. நான்கு பேருக்குப் பங்கு வைத்ததில் சுமக்கிற அளவுக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தாள் இப்போதும் நடக்கிறதா என்றால், ஆள் மாறியதும் நின்றுவிட்டது. ஒப்பந்த ஆட்களின் பழக்கம் ஒப்பந்தத்தோடு போய்விடும். அதை அரசாணையாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒரு தாள்தான், செலவு ஒன்றும் இல்லை. கூடவே, தப்பாகப் போன ஒரு கோப்பை எடுத்து எங்கே கண் தவறியது என்று பேசும் கூட்டமும், யாரைச் சஸ்பெண்ட் செய்யலாம் என்று பேசும் கூட்டமும் தனித்தனியாக நடக்க வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் நடக்கிறவரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

படிக்கிறவர்களில் டீச்சர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், லைன் வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள். 1098-க்குக் கூப்பிட்டால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ‘அந்த வீட்டுல புள்ளைய அடிக்கறாங்க’ என்பதோடு வைத்துவிடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அப்போது குழந்தை ஓடிப்போய் யார் வீட்டில் நிற்கும், அதற்கு அமுச்சியோ அத்தையோ எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். மறுநாள் வந்து நிற்கும் பெண்ணிடம் இருப்பது கூரையையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்கும் ஒரு படிவம்தான். மீதியை அவளுக்கு நீங்கள்தான் சொல்ல முடியும்.